செத்தது என்று எழுதிய டிஸ்க்

இது நடந்த சங்கதி. ராத்திரி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடாதீர்கள். பட்டப்பகல். வெயில் கடை வாசல்வரை வந்து நாய் மாதிரி படுத்துக்கிடந்த மத்தியானம், ஒன்று நாற்பதிலிருந்து மூன்று முப்பத்தொன்று வரை. ராத்திரியில் மட்டும்தான் வருவேன் என்று எந்தப் பேயும் எழுதிக் கொடுக்கவில்லை.

சொன்னவர் கம்ப்யூட்டர் டாக்டரேதான். அவர் பொய் சொல்லக்கூடிய ஆள்தான், மறுக்கவில்லை. கதையே அவர் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. ஆனால் இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். புளுகுகிறவன் கையை ஆட்டி ஆட்டிப் புளுகுவான். ஒளித்து வைத்துக்கொள்ள மாட்டான்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைப்பவர். ஐம்பத்தாறு வயது. தெருவில் எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டதில், கடையின் முன்மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதும் அவர் மனைவி டாக்டரம்மா ஆகிவிட்டார். சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: 'இங்கே கொடுத்தது இங்கே தொலையாது.' அதற்கு நேர் கீழேதான் டாக்டரம்மா தன் மூக்குக் கண்ணாடியைத் தினமும் தேடுவார்.

அன்று காலை பதினொன்று ஐந்துக்கு ஒருவர் வந்தார். டாக்டர் வயதுதான் இருக்கும். ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். பிரித்தால், சின்ன டெஸ்க்டாப். தடித்த அகராதி ஒன்றின் அளவுதான். மேசையில் இடம் அடைக்காத ரகம்.

"ரொம்ப மெதுவா ஓடுது. புது டிஸ்க் போட்டுக் கொடுங்க. ஆனா இதுல இருக்கிறது ஒண்ணுகூடப் போகக் கூடாது."

"போகாது சார். சுவத்தைப் பாருங்க," என்றார் டாக்டர்.

"உங்ககிட்ட முன்னாடியே ஒரு தடவை வந்திருக்கோம். ஒளிவு மறைவு இல்லாம பேசுவீங்க. அதான் வேற எங்கேயும் போகலை."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆளை ஞாபகம் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு வரச் சொன்னார்.

அவர் போனதும் டாக்டரம்மா, "ஒளிவு மறைவு இல்லாதவராம்! போன வாரம் சர்க்கரை போட்ட காபி குடிச்சிட்டு, குடிக்கலைன்னு சாதிச்சது யாரு?" என்றார்.

"அது வைத்தியம் சம்பந்தப்பட்டது. தொழில்ல நான் சுத்தம்."

"சுத்தத்துக்குப் பிறந்த சுத்தம். சாப்பாட்டை மேசையில வெச்சிருக்கேன், ஆற விடாதீங்க." ஒன்று நாற்பதுக்கு டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பினார். கடையில் டாக்டர் மட்டும்.

பெட்டியைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் பச்சை நிறத்தில் ஓர் ஆமை ஸ்டிக்கர். ஏதோ குழந்தை ஒட்டியது. ஆமையின் ஒரு கால் உரிந்திருந்தது.

அதை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எந்தப் பெட்டியில்தான் ஸ்டிக்கர் இல்லை என்று விட்டுவிட்டார்.

நான்கு திருகுகளையும் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே பழைய ரக ஹார்ட் டிஸ்க். தட்டு சுழலுமே, அந்த வகை. அதன் திருகு ஓட்டைகளில் மண் அடைத்திருந்தது. தூசி இல்லை, மண். ஈரமாக இருந்தது. மேசைமேல் இருந்த பெட்டிக்குள் ஈரமண் எப்படி வரும் என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு ஊதுகுழாயால் ஊதித் தள்ளினார். டிஸ்க்கை உருவித் திருப்பினார்.

சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'செத்தது' என்று எழுதியிருந்தது.

எழுத்து அவருடையது.

இங்கே கொஞ்சம் நின்று, ஆறு வருடம் பின்னால் போக வேண்டும். அன்று இதே பெட்டியைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். "டிஸ்க் நிரம்பிடுச்சுண்ணே, பெருசாப் போட்டுக் கொடுங்க" என்றார். உள்ளே அவருடைய பையனின் படங்கள், வீடியோக்கள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்ட பையன். வேறு எங்கும் ஒரு பிரதி கிடையாது.

டிஸ்க் மாற்றுவதில் ஒரே ஓர் இடம்தான் ஆபத்து. பழையதிலிருந்து புதியதற்கு அப்படியே நகல் எடுக்க வேண்டும். எதிலிருந்து, எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்கும். மாற்றிச் சொல்லிவிட்டால், காலி டிஸ்க்கின் காலியைக் கொண்டுபோய் நிறைந்த டிஸ்க்கின்மேல் எழுதிவிடும். 'நிச்சயமாகவா?' என்று கடைசியாக ஒரு தடவை கேட்கவும் செய்யும். ஆனால் தினம் ஐம்பது தடவை அதே கேள்வியைப் பார்க்கிற விரல், படிக்காமலே 'ஆமா'வை அமுக்கிவிடும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி அது.

டாக்டரின் விரல் அமுக்கிவிட்டது. நாலு நிமிடம் கழித்துத்தான் கவனித்தார். அதற்குள் பையன் அழிந்துபோயிருந்தான்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சுவரில் அட்டை இருந்ததே, அதுதான் வாயை அடைத்தது. சிவப்பு மையை எடுத்து டிஸ்க்கின்மேல் 'செத்தது' என்று எழுதி, அந்த அம்மா கையில் கொடுத்தார்.

"வரும்போதே செத்துதாம்மா வந்துச்சு. யாரோ கீழே போட்டிருக்கீங்க."

பக்கத்தில் நின்ற கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "மேசை துடைக்கும்போது ஒரு நாள் தட்டி விட்டியே..."

அந்த அம்மா அழவில்லை. டாக்டரையே பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்கண்ணே. என் கையிலயா போச்சு?"

"ஆமாம்மா," என்றார் டாக்டர். "உங்க கையிலதான்."

அன்றுமுதல் டாக்டருக்கு ஒரு புதுப் பழக்கம். நகல் எடுக்கும் முன் பழைய டிஸ்க்கில் சிவப்பு டேப் ஒட்டுவார். இரண்டு டிஸ்க்கின் கடைசி நாலு எண்களையும் வாய்ப்பாடு மாதிரி இரண்டு தடவை உரக்கச் சொல்வார். என்ன நிதானம் என்று ஊரே மெச்சியது. பழக்கம் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த டிஸ்க் அவர் கையில். தானே அழித்த டிஸ்க். மாட்டிப் பார்த்தார். சுழன்றது. உள்ளே... எல்லாம் இருந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள். ஆமை ஸ்டிக்கரைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பையன் சிரித்தான்.

பயந்திருக்க வேண்டும். டாக்டர் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டார்! அன்று முழுசாக அழியவில்லை போலிருக்கிறது, வேறு எவனோ மீட்டுக் கொடுத்திருக்கிறான், பாவம் கழிந்தது, இனி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை... இப்படியெல்லாம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். டேப் ஒட்டினார். எண்களைச் சொன்னார். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நகல் தொடங்கியது.

ஒரே ஒரு விஷயம். ஓடுகிற டிஸ்க் சூடாகும். இது ஐஸ்கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது.

இரண்டு நாற்பத்தொன்பதுக்கு வேலை முடிந்தது. புது டிஸ்க்கைச் சின்னப் பெட்டியில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். பதினோரு நொடியில் திறந்தது. எல்லாப் படங்களும் வந்திருந்தன. பழைய டிஸ்க்கின் வயரைப் பிடுங்கித் துணிமேல் வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டு ஐம்பத்து மூன்று.

டிக்... டிக்...

டிஸ்க்கின் ஊசி நகரும் சத்தம். காதைக் கூர்மையாக்கினார். சத்தம் துணிமேலிருந்து வந்தது. வயர் இல்லாத டிஸ்க்கிலிருந்து.

நிமிர்ந்தார். கடையின் சொந்தக் கம்ப்யூட்டரில் நகல் ஜன்னல் தானாகத் திறந்திருந்தது. எதிலிருந்து என்ற இடத்தில், சற்றுமுன் அவர் இரண்டு தடவை உரக்கச் சொன்ன, பழைய டிஸ்க்கின் கடைசி நாலு எண்கள். எதற்கு என்ற இடத்தில், அவருடைய டிஸ்க்.

அதில்தான் அவர் மகளின் படங்கள் இருந்தன. ஒரே மகள், பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இருபத்துநாலு வயது, வேறு ஊரில் வேலை. பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வயதுக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு... இன்னொரு பிரதி? வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றப் பேசுவார், எதற்கும் இரண்டு பிரதி வையுங்கள் என்று. ஊருக்குத்தான் உபதேசம்.

நகல் எடுக்கும் ஜன்னல் ஃபைல்களின் பெயரைக் காட்டாது. எண்ணிக்கை மட்டும்தான் ஓடும். இது காட்டியது.

பாப்பா – ஒண்ணு – ஆஸ்பத்திரி.

பாப்பா – ஒண்ணு – தொட்டில்.

டாக்டர் மவுஸை உலுக்கினார். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். நிற்கவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினார். மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

திரை அணையவில்லை.

பாப்பா – ரெண்டு – முதல் நடை.

மூன்று ஒன்று. திரையில் ஒரு கேள்விக் கட்டம் எழும்பியது. விரல் போய் அமுக்கிவிட்டது. படிக்காமலே. பழக்க தோஷம்.

அமுக்கியபிறகுதான் படித்தார். தமிழில் இருந்தது.

'என் கையிலயா போச்சு, அண்ணே?'

அவர் அமுக்கியிருந்தது, 'ஆமா.'

டிக் டிக் டிக் டிக்... ஃபோல்டர்கள் குதித்தன. மூணு. நாலு. அஞ்சு.

மறுபடி அதே கட்டம். அதே கேள்வி.

'இல்லை'யை அமுக்கினார்.

வேகம் குறைந்தது. நிற்கவில்லை. வேறு வரி வந்தது.

'அப்ப அவர்கிட்ட சொல்லுங்க.'

மூன்று பதினொன்று. போனை எடுத்தார். காலையில் பெட்டியைக் கொண்டுவந்தவர், அந்த அம்மாவின் கணவர், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சார். முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்... வந்து... அன்னைக்கு அந்த டிஸ்க்..."

"என்ன சார்?"

எதிரே சுவரில் அந்த அட்டை. விளக்கு அணைந்த கடைக்குள்ளும் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல சார். டிஸ்க் ஏற்கெனவே கொஞ்சம் அடிபட்டிருந்துச்சு. அதான் மெதுவா ஓடிருக்கு."

போனை வைத்தார்.

டிக் டிக் டிக் டிக் டிக்...

ஆறு. ஏழு. பாப்பா – ஏழு – சைக்கிள். எட்டு.

மூக்கில் ஈரமண் வாசனை.

மிக அருகில்.

திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

ஒன்பது.

மவுஸ்மேல் இருந்த கையின்மேல் ஏதோ படிந்தது. குளிர்ச்சியாக. மணிக்கட்டில் கண்ணாடி உரசியது. கடிகாரக் கண்ணாடி... முகம் உள்பக்கம்.

பத்து.

இடது கையால் போனை அழுத்தினார். மூன்று முப்பது.

"சார்! என் கையில போச்சு சார்! உங்க சம்சாரம் எதுவும் பண்ணலை. கீழே விழலை. நான்தான் அழிச்சேன்... நான்தான்... பொய் சொன்னேன்..."

பதினொண்ணு.

நின்றது.

மூன்று முப்பத்தொன்று.

ஐந்தரைக்குக் கணவர் வந்தார். டாக்டரம்மாவை முன்னமே கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார் டாக்டர். அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பெட்டியில் பையனின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார் கடைசியில். "அதுக்கு முன்னாடி நாலு வருஷம், நான் அவகிட்ட சரியா முகம் கொடுத்துப் பேசலை. ஒரே வீட்டுல இருந்தோம். சோறு போடுவா, சாப்பிடுவேன். பிள்ளையோட முகத்தைத் தட்டி விட்டவளாச்சேன்னு மனசுல ஒரு வைராக்கியம். ஒரு தடவைகூட அவ எதிர்த்துப் பேசலை. 'ஒரு நாள் அவர் வாயாலயே சொல்லுவார்'னு மட்டும் சொல்லுவா. யாரைச் சொல்றான்னு நான் கேட்டதே இல்லை."

"மன்னிச்சிடுங்க சார்."

"நான் யாரு மன்னிக்கிறதுக்கு? நானும்தான் உங்க பேச்சை நம்பினவன்."

பெட்டியைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். "அலமாரியில தூங்கிட்டிருந்த பெட்டி. போன வாரம் யாருக்காவது கொடுத்துடலாம்னு போட்டுப் பார்த்தேன். பிள்ளை முகம் வந்துச்சு. எனக்குத் தெரியாம அவ வேற டிஸ்க் வாங்கி மாட்டி, எப்படியோ மீட்டிருக்கான்னு நினைச்சேன்."

"வேற டிஸ்க் இல்ல சார். அதே டிஸ்க்தான்." டாக்டர் துணியை விலக்கி, சிவப்பு எழுத்தைக் காட்டினார்.

கணவரின் முகத்தில் ரத்தம் வற்றியது. தொடவில்லை. இரண்டடி பின்னால் போனார்.

"இது இங்க இருக்க முடியாது சார்."

"ஏன்?"

"கடைசி நாள்ல இதைக் கையிலயே பிடிச்சிட்டிருந்தா. விரலைப் பிரிக்க முடியலை. அப்படியே இருக்கட்டும்னு அதோடதான் புதைச்சோம். மண்ணு போட்டதே நான்தான்."

டிஸ்க்கை அன்று இரவு டாக்டர் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே ஒரு பிடி ஈரமண். அவ்வளவுதான்.

மறுநாள் முதல் வேலையாகச் சுவர் அட்டையைக் கழற்றினார். அப்புறம் பாப்பாவின் படங்களைத் திறந்தார். எல்லாம் இருந்தன! ஒண்ணு முதல் இருபத்துநாலு வரை, ஒரு படமும் குறையவில்லை. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஏந்தியிருந்த கை, அவர் கை இல்லை.

முதல் நடையில் விரல் கொடுத்த கை, அவர் கை இல்லை. சைக்கிளின் பின்னால் பிடித்திருந்த கையும் இல்லை. மெலிந்த பெண் கை. மணிக்கட்டில் கடிகாரம், முகம் உள்பக்கம். முழங்கைக்கு மேல் படத்தில் இல்லை. பதினொண்ணு வரை அப்படியே. பன்னிரண்டிலிருந்துதான் அவர் கை.

வீட்டில், காகிதத்தில் அச்சடித்து ஆல்பத்தில் ஒட்டிய படங்களிலும் அதே கை. அவற்றை அவர் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மகள் போன் செய்தாள். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார். முடியவில்லை. கேட்டேவிட்டார்.

"பாப்பா... சின்ன வயசுல உன்னை யார் தூக்கி வெச்சுப்பாங்க? ஞாபகம் இருக்கா?"

"என்னப்பா கேள்வி இது? அத்தைதான்."

"எந்த... எந்த அத்தை?"

"எனக்கென்ன பத்து அத்தையா இருக்காங்க? வாட்சை உள்பக்கமா கட்டுவாங்களே, அவங்கதான். நடக்க வெச்சது, சைக்கிள் விடக் கத்துக்கொடுத்தது எல்லாம் அவங்கதானே? கை மட்டும் எப்பவும் சில்லுனு இருக்கும்." மகள் சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, கேக்கணும்னே இருந்தேன். பன்னெண்டு வயசுல இருந்துதான் எனக்கு உங்களை ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னாடியெல்லாம் நீங்க எங்கப்பா போயிருந்தீங்க?"

டாக்டர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

அவருக்கு அக்காவோ தங்கையோ கிடையாது. வாழ்க்கையில் அவரை அண்ணே என்று கூப்பிட்ட பெண் ஒருத்திதான்.